ஓட மறுக்கும் ஏர்கோன்: காரின் குளிர்ச்சிக்குப் பின்னால் ஒரு வரலாறு

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. ஏர்கோனின் அருமை நெரிசலில் தெரியும் என்பது செராஸ்வாசிகளின் புதுமொழி. பிற்பகல் 2 மணி. தாமான் மிடாவிலிருந்து புடு நோக்கி வாகன வரிசை ஊர்கிறது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பேருந்து. அந்த நேரம் பார்த்துக் காரின் குளிர்சாதனம் வேலைநிறுத்தம் செய்கிறது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது, காற்றும் வருகிறது. ஆனால் வருவது அனல் காற்று. கண்ணாடியை இறக்கினால் புகை, ஏற்றினால் புழுக்கம்.

வீட்டுக்கு வந்து சொன்னால் மாமா முதல் மச்சான் வரை எல்லாரும் வழங்கும் தீர்ப்பு ஒன்றுதான். "கேஸ் முடிஞ்சிருக்கும், போய் அடிச்சிட்டு வாங்க." பட்டறைக்குப் போகிறார்கள், கேஸ் நிரப்புகிறார்கள், பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 2 அல்லது 3 மாதம் கழித்து அதே அனல் காற்று, அதே பட்டறை, அதே தீர்ப்பு. பள்ளி வேன் ஓட்டுபவருக்கும் டாக்சி ஓட்டுபவருக்கும் இது வெறும் புழுக்கம் அல்ல. மாத வருமானத்தில் விழும் ஓட்டை.

நேயர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பொத்தானை அழுத்தியும் ஏர்கோன் ஏன் ஓட மறுக்கிறது? அது பழுதாகிவிட்டதா, அல்லது வேண்டுமென்றே மறுக்கிறதா? கார் குளிர்சாதனத்தின் 80 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வியப்பான ஒரு பதில் கிடைக்கிறது. பல சமயங்களில் அந்த இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளவே ஓட மறுக்கிறது. அந்த மறுப்பை அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மனிதர்களே. ஒவ்வொரு மறுப்புக்கும் பின்னால் ஒரு கதை உண்டு.

கேஸ் 'முடிவதில்லை'

முதலில் ஒரு தெளிவு. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. திரவம் ஆவியானால் குளிர்ச்சி பிறக்கும். கார் ஏர்கோனும் இதே இயற்கை விதியில்தான் இயங்குகிறது.

நீருக்குப் பதிலாக, மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கக்கூடிய ஒரு திரவம் அங்கே உள்ளது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகி, காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு மறுபடியும் கூலிங் காயில். இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர, பெட்ரோலைப் போல் அது எரிந்து தீர்வதில்லை. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் அது எங்கோ வெளியேறியிருக்கிறது என்று பொருள்.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டி பல ஆண்டுகள் கேஸ் நிரப்பாமலே ஓடுகிறதே, காருக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை என்று கேட்கலாம். குளிர்பதனப் பெட்டியில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைக்கப்பட்டுப் பற்றவைக்கப்பட்டுள்ளன. காரில் அப்படி முடியாது. எஞ்சின் கம்ப்ரசரைச் சுழற்ற வேண்டும் என்றால் அதன் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு சீல் தேவை. எஞ்சின் அதிர்வதால் குழாய்களில் ரப்பரும் தேவை. அதனால் நல்ல நிலையில் உள்ள காரிலும் ஆண்டுக்கணக்கில் சிறிதளவு கேஸ் கசிவது இயல்பு. ஆனால் சில மாதங்களிலேயே காலியாகிறது என்றால் அது இயல்பு அல்ல, பழுது.

மெழுகுவர்த்தியை அணைத்த மூச்சு

நவீன குளிர்சாதனம் மனிதனின் சுகத்துக்காகப் பிறக்கவில்லை. 1902-ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து சுருங்கியது. வண்ண அச்சு ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் போனது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த கருவியே இன்றைய ஏர்கோனின் மூதாதை.

அந்நாளில் குளிர்விக்கப் பயன்பட்டவை அம்மோனியா, சல்பர் டையாக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற வாயுக்கள். குளிர்ச்சி தந்தன, கசிந்தால் உயிரையும் எடுத்தன. 1920களின் இறுதியில் சிகாகோ நகரில் மெத்தில் குளோரைடு கசிந்து உயிர்கள் பலியாயின. நஞ்சும் இல்லாத, தீயும் பற்றாத ஒரு வாயு வேண்டும் என்று உலகம் தேடியது.

அதைக் கண்டுபிடித்தவர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காகப் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி. அவரும் அவருடைய குழுவினரும் 1928-இல் உருவாக்கிய அந்த வாயு பின்னர் ஃபிரியான் என்று பெயர் பெற்றது. தொழில்துறையில் அதன் பெயர் ஆர்-12. 1930-இல் அமெரிக்க வேதியியலாளர்களின் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சாக உள்ளிழுத்தார். பிறகு எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் மேல் அதை மெல்ல ஊதினார். சுடர் அணைந்தது, மனிதர் நின்றுகொண்டிருந்தார். நஞ்சும் இல்லை, தீயும் இல்லை என்பதை ஒரே மூச்சில் காட்டிவிட்டார். அவை கைதட்டியது. அந்த மூச்சு எங்கே போய்ச் சேரும் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

அணைக்க முடியாத ஏர்கோன்

1939 நவம்பரில் சிகாகோ கார் கண்காட்சியில் பாக்கார்ட் நிறுவனம் குளிர்சாதனம் பொருத்திய காரைக் காட்சிக்கு வைத்தது. தொழிற்சாலையிலிருந்தே ஏர்கோனுடன் விற்பனைக்கு வந்த முதல் கார் வகை அதுதான். அதற்கான கூடுதல் விலை 274 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. கூலிங் காயில் பெட்டி காரின் பின்பக்கம் இருந்ததால் பொருள் வைக்கும் பூட்டின் பாதி இடத்தை அது விழுங்கியது.

இன்றைய வாகனமோட்டியின் கவலை ஏர்கோனை எப்படி ஓட வைப்பது என்பது. பாக்கார்ட் உரிமையாளரின் கவலையோ அதை எப்படி நிறுத்துவது என்பது. அந்தக் காரில் கம்ப்ரசரை எஞ்சினிலிருந்து பிரிக்க எந்த வழியும் இல்லை. எஞ்சின் ஓடினால் கம்ப்ரசரும் ஓடும். குளிர்காலத்தில் ஏர்கோன் வேண்டாம் என்றால் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து, பெல்ட்டையே கழற்றி வைக்க வேண்டும். மறுபடி வேண்டும் என்றால் மறுபடி மாட்ட வேண்டும். சில ஆண்டுகளிலேயே பாக்கார்ட் இந்த வசதியைக் கைவிட்டது. இரண்டாம் உலகப் போர் கார் உற்பத்தியையே திசைதிருப்பிவிட்டது.

'டக்' என்ற அந்த ஓசை

போர் முடிந்து 1950களில் கார் ஏர்கோன் மறுபிறவி எடுத்தது. 1953-இல் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் பல அதைத் தங்கள் விலையுயர்ந்த கார்களில் பொருத்தின. 1954-இல் நேஷ் நிறுவனம் முழு அமைப்பையும் காரின் முன்பகுதியிலேயே அடக்கிக் காட்டியது. இதே பத்தாண்டில்தான் மின்காந்த கிளட்ச் பரவலாகியது. பாக்கார்ட்டின் பெல்ட் பிரச்சினைக்கு அதுவே விடை.

இந்த கிளட்சின் வேலை எளிமையானது. கம்ப்ரசரின் முன்னால் உள்ள சக்கரம் எஞ்சின் ஓடும்போதெல்லாம் சும்மா சுழன்றுகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு செப்புச் சுருளுக்கு மின்சாரம் பாயும். அது காந்தமாகி ஓர் இரும்புத் தட்டை இழுத்துச் சக்கரத்தோடு ஒட்ட வைக்கும். அப்போது கேட்பதுதான் 'டக்' என்ற சிறு ஓசை. அதன் பிறகே கம்ப்ரசர் ஓடத் தொடங்குகிறது.

நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டிய முதல் பாடம் இது. காற்று வருவது வேறு, குளிர்ச்சி வருவது வேறு. காற்றைத் தருவது மின்விசிறி. குளிர்ச்சியைத் தருவது கம்ப்ரசர். காற்றே வரவில்லை என்றால் மின்விசிறியின் பியூஸ், மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். காற்று வந்து குளிர்ச்சி மட்டும் இல்லை என்றால் 'டக்' ஓசை கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மின்சாரம் கிளட்சைச் சென்றடையவில்லை, அல்லது சென்றும் கிளட்ச் ஒட்டவில்லை. சில வெள்ளி விலையுள்ள பியூஸோ ரிலேயோ காரணமாக இருக்கலாம். செப்புச் சுருள் எரிந்திருக்கலாம்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. தட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவே. பல ஆண்டு உராய்வில் தட்டு தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டால் காந்தத்துக்கு அதை இழுக்கும் பலம் போதாது. சுருள் சூடானால் அதன் பலம் இன்னும் குறையும். இதனால்தான் சில கார்களில் காலையில் ஏர்கோன் ஓடுகிறது, மதியம் ஓட மறுக்கிறது. இதற்குக் கேஸ் நிரப்பி எந்தப் பயனும் இல்லை.

வானத்தில் விழுந்த ஓட்டை

இனி மிட்ஜ்லியின் மூச்சு எங்கே போனது என்று பார்ப்போம். ஆர்-12 நஞ்சற்றது, எதனோடும் எளிதில் வினைபுரியாதது. அந்த நற்குணமே அதன் குற்றமாகியது. பட்டறையில் 'புஸ்' என்று வெளியேற்றப்பட்ட வாயு அழியாமல் 100 ஆண்டு அளவுக்குக் காற்றிலேயே தங்கி, மெல்ல மேலே ஏறியது. 1974-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எச்சரித்தார்கள். சி.எஃப்.சி. எனப்படும் இந்த வாயுக்கள் மேலடுக்கில் சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை வெளிவிடும். அந்தக் குளோரின் ஓசோன் படலத்தைத் தின்றுவிடும் என்றார்கள். தொழில்துறையில் பலர் அதை ஏற்கவில்லை.

1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உலகம் விழித்துக்கொண்டது. 1987 செப்டம்பர் 16-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டே ஆண்டுகளில், 1989-இல் மலேசியாவும் அதில் இணைந்தது. மோலினாவுக்கும் ரோலண்டுக்கும் பால் குருட்சனோடு சேர்த்து 1995-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மிட்ஜ்லி இவை எதையும் காணவில்லை. அவர் 1944-இலேயே காலமாகிவிட்டார்.

செராஸ் பட்டறைகளுக்கு வந்த சோதனை

இந்த உலகச் செய்திக்கும் செராஸுக்கும் என்ன தொடர்பு? நிறையவே உண்டு.

1972-இல் கோலாலம்பூர் மாநகர் தகுதி பெற்ற பிறகு செராஸ் வட்டாரத்தில் தாமான்கள் பெருகின. தாமான் மிடா, தாமான் மலூரி, தாமான் கன்னாட் என்று வீடமைப்புப் பகுதிகள் நகர எல்லையையும் தாண்டி சிலாங்கூரின் உலு லங்காட் பக்கம் நீண்டன. வேலை நகரத்தில், வீடு செராஸில் என்ற வாழ்க்கைக்குச் சொந்த வாகனம் தேவைப்பட்டது. 1983-இல் புரோட்டோன் நிறுவப்பட்டு 1985-இல் சாகா வெளிவந்தது. 1994-இல் பெரோடுவாவின் கஞ்சில் வந்தது. கார் என்பது எட்டாக் கனியாக இருந்த குடும்பங்களின் வாசலிலும் கார் நின்றது. 1999-இல் செராஸ் - காஜாங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. வாகனங்கள் கூடக்கூட பட்டறைகளும் கூடின. ஜாலான் சான் சோவ் லின் வட்டாரத்தில் பழுதுபார்ப்பவர்களும் உதிரிப்பாகக் கடைக்காரர்களும் இன்றும் நெருக்கமாகத் தொழில் செய்கிறார்கள்.

கார் பெருகிய அதே 1990களில்தான் கேஸ் மாறியது. ஓசோனைத் தின்னாத ஆர்-134ஏ என்ற புதிய வாயு, புதிய கார்களில் இடம்பிடித்தது. ஆனால் சாலையில் ஓடிய பழைய கார்கள் ஆர்-12-க்காகச் செய்யப்பட்டவை. பழைய கேஸின் வரத்து குறைந்துகொண்டே போனது. பழைய காரில் புதிய கேஸை அடித்துவிட்டால் போதாதா என்று பலர் நினைத்தார்கள். அங்கேதான் வந்தது சோதனை.

கம்ப்ரசருக்குள் உராய்வைத் தடுக்க எண்ணெய் உண்டு. அந்த எண்ணெய் கேஸோடு கலந்து, கேஸோடு சேர்ந்தே சுற்றி வர வேண்டும். ஆர்-12-க்கு உரிய கனிம எண்ணெய் ஆர்-134ஏ-யோடு கலப்பதில்லை. எண்ணெய் எங்கோ ஒரு மூலையில் தேங்கிவிட, கம்ப்ரசர் வறண்டு, தேய்ந்து, இறுகிப் போனது. புதிய வாயுவின் மூலக்கூறு சிறியது என்பதால் பழைய ரப்பர் குழாய்கள் வழியே எளிதில் கசிந்தது. ஆகவே எண்ணெயை மாற்ற வேண்டும், வட்ட ரப்பர்களை மாற்ற வேண்டும், தேவைப்பட்டால் குழாயையும் மாற்ற வேண்டும். இரண்டு கேஸும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக நிரப்பும் வாயையே வேறு வடிவில் செய்தார்கள். பழையது மறையில் திருகுவது. புதியது அழுத்தினால் பூட்டிக்கொள்வது.

இதைச் சரியாகக் கற்றுக்கொண்ட பட்டறைக்காரர் பிழைத்தார். அவரை நம்பியவரும் பிழைத்தார். கற்காமல் செய்தவரிடம் மாட்டியவர் கம்ப்ரசரை இழந்தார். ஏர்கோன் பழுதுபார்ப்பது என்பது வெறும் கேஸ் அடிக்கும் வேலை அல்ல, அது படித்துப் பழக வேண்டிய ஒரு தொழில் என்பதை உணர்த்திய காலம் அது.

அரசாங்கமும் கைகட்டி நிற்கவில்லை. 1999-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் குளிர்பதன வாயு நிர்வாக விதிமுறைகள் வந்தன. கண்ட இடத்தில் கேஸைக் காற்றில் விடக்கூடாது, கருவி கொண்டு மீட்டெடுக்க வேண்டும் என்பது சட்டமானது. சி.எஃப்.சி.-யை முற்றாக ஒழிப்பதற்கான தேசியத் திட்டத்துக்கு 2001-இல் அனைத்துலக நிதி கிடைத்தது. 2010-ஆம் ஆண்டோடு மலேசியா சி.எஃப்.சி. பயன்பாட்டுக்கு விடைகொடுத்தது. இந்த முயற்சி வீண்போகவில்லை. தற்போதைய கொள்கைகள் தொடர்ந்தால் அண்டார்டிகாவின் மேலுள்ள ஓசோன் 2066 வாக்கில் 1980-ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவிலான அறிவியல் மதிப்பீடு 2023 தொடக்கத்தில் தெரிவித்தது. உலக நாடுகள் சேர்ந்து ஒரு தவற்றைத் திருத்திக்கொண்ட அரிய நிகழ்ச்சி இது. அதில் கேஸை மீட்டெடுத்த ஒவ்வொரு பட்டறைத் தொழிலாளிக்கும் பங்கு உண்டு.

காவல்காரனைக் கட்டிப்போடலாமா?

எண்ணெய் கேஸோடு சேர்ந்தே பயணம் செய்கிறது என்று பார்த்தோம். அப்படியானால் கேஸ் வெகுவாகக் குறைந்த நிலையில் கம்ப்ரசர் ஓடினால் என்ன ஆகும்? எண்ணெய் திரும்பி வராது, கம்ப்ரசர் அழிந்துவிடும். இந்த அனுபவத்திலிருந்து பிறந்த காவல்காரன்தான் பிரஷர் ஸ்விட்ச். குழாயில் பொருத்தப்பட்ட இந்தச் சிறு கருவி எந்நேரமும் அழுத்தத்தைக் கவனிக்கிறது. பல ஆர்-134ஏ கார்களில் அழுத்தம் சுமார் 2 பாருக்குக் கீழே போனால் அது கிளட்சுக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும். சுமார் 30 பாரைத் தாண்டினாலும் துண்டிக்கும்.

கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. பொத்தானை அழுத்தியும் ஏர்கோன் ஓட மறுப்பது பல நேரங்களில் இந்தக் காவல்காரன் எழுப்பும் எச்சரிக்கை. "கேஸ் கசிந்துவிட்டது, என்னை ஓட்டாதே" என்கிறது அது. நெடுஞ்சாலையில் குளிர்ச்சி, நெரிசலில் அனல் என்றால் பெரும்பாலும் கண்டென்சரைக் குளிர்விக்கும் விசிறி ஓடவில்லை. காஜாங் சாலையில் வேகமாகப் போகும்போது காற்று தானே வந்து மோதுகிறது. தாமான் கன்னாட் நெரிசலில் நிற்கும்போது காற்று இல்லை, அழுத்தம் ஏறுகிறது, குளிர்ச்சி குறைகிறது, எல்லை மீறினால் ஸ்விட்ச் துண்டிக்கிறது.

ஸ்விட்ச் பழுது என்று சொல்லி, இரண்டு கம்பியை நேரே இணைத்து 'டைரக்ட்' செய்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உடனே 'டக்' ஓசை கேட்கும். வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அது வீட்டுக் காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவதற்குச் சமம். சோதித்துப் பார்க்கச் சில விநாடி இணைப்பது வேறு; அப்படியே விட்டு அனுப்புவது வேறு. பின்னதன் முடிவு, ஸ்விட்சைவிடப் பல மடங்கு விலையுள்ள கம்ப்ரசர் இறுகிப் போவது.

1990களுக்குப் பின் வந்த கார்களில் இன்னொரு காவலும் சேர்ந்தது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, எஞ்சின் மிகுதியாகச் சூடானாலோ ஓட்டுநர் எண்ணெயை முழுதாக மிதித்தாலோ கம்ப்ரசரைத் தற்காலிகமாக நிறுத்திவிடும். ஆகவே ஏர்கோன் ஓடவில்லை என்றால் எஞ்சினின் சூட்டு முள்ளையும் பார்ப்பது புத்திசாலித்தனம்.

திரும்பி வந்த பழைய நஞ்சு

மலிவான கேஸைப் பற்றியும் ஒரு வரலாற்று எச்சரிக்கை உண்டு. 2011-இல் துறைமுகங்களில் குளிர்பதனக் கொள்கலன்கள் சில வெடித்தன. வியட்நாமிலும் பிரேசிலிலும் மூவர் உயிரிழந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் நிரப்பப்பட்ட போலி வாயுவில் மெத்தில் குளோரைடு கலந்திருந்ததும், அது கம்ப்ரசரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து காற்றுப் பட்டதும் தீப்பற்றும் பொருளாக மாறியதும் காரணம் என்று தெரியவந்தது. எந்த நஞ்சுக்குப் பயந்து 1928-இல் ஃபிரியானைக் கண்டுபிடித்தார்களோ, அதே நஞ்சு 80 ஆண்டுகள் கழித்துப் போலிச் சிலிண்டரில் திரும்பி வந்தது. கார் ஏர்கோனிலும் ஓடுவது அதே பெயருள்ள கேஸ்தான். விலை மிகக் குறைவு என்றால் சிலிண்டரில் இருப்பது என்ன என்று கேட்கும் உரிமை பயனீட்டாளருக்கு உண்டு.

அசல் ஆர்-134ஏ-யும் அப்பழுக்கற்றது அல்ல. ஓசோனைத் தின்னாது; ஆனால் புவியைச் சூடாக்கும். எடைக்கு எடை கரியமில வாயுவைவிட அதன் வெப்பமூட்டும் ஆற்றல் 1,400 மடங்குக்கும் அதிகம். ஒரு சிறிய காரில் இருக்கும் சுமார் அரை கிலோ கேஸ் கசிந்தால், கணக்குப் போட்டுப் பார்த்தால், அது சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு இணை. கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பும் ஒவ்வொரு முறையும் பணம் மட்டுமா காற்றில் போகிறது? இதனால்தான் 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மாண்ட்ரியல் ஒப்பந்தம் விரிவாக்கப்பட்டது. மலேசியா 2020-இல் அதை ஏற்றுக்கொண்டது. 2024-ஆம் ஆண்டு உச்ச வரம்பில் தொடங்கி 2045-க்குள் இத்தகைய வாயுக்களை 80 விழுக்காடு குறைப்பது மலேசியா போன்ற நாடுகளுக்கான இலக்கு. ஐரோப்பாவில் புதிய கார்கள் ஏற்கெனவே ஆர்-1234ஒய்எஃப் என்ற வாயுவுக்கு மாறிவிட்டன. மின்சாரக் கார்களில் பெல்ட்டும் இல்லை, 'டக்' ஓசையும் இல்லை. கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதில் பழக்கமில்லாதவர் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. பட்டறைத் தொழிலாளி மறுபடியும் படிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கேட்க வேண்டிய கேள்வி

நோய் என்ன, அதன் மூலம் என்ன என்று அறிந்த பிறகே மருந்து என்று வைத்தியருக்கு வரிசை சொன்னார் வள்ளுவர். ஏர்கோனுக்கும் அதே வரிசைதான். காற்று வருகிறதா? 'டக்' ஓசை கேட்கிறதா? பியூஸும் ரிலேயும் நலமா? கிளட்சுக்கு மின்சாரம் போகிறதா? அழுத்தமானியை மாட்டினால் அழுத்தம் எவ்வளவு? குறைந்திருந்தால் கசிவது எங்கே? கம்ப்ரசர் சில விநாடிக்கு ஒருமுறை ஒட்டிப் பிரிந்து கொண்டிருந்தால் அதுவும் கேஸ் குறைவின் அறிகுறியே. எண்ணெய்க் கறை படிந்த இணைப்பு கசிவைக் காட்டிக்கொடுக்கும், ஏனெனில் கேஸ் வெளியேறும் வழியில் எண்ணெயும் வெளியேறுகிறது. கசிவை அடைத்து, உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பால் உறிஞ்சி எடுத்த பிறகே கேஸ் நிரப்ப வேண்டும். அதுவும் காரில் குறிப்பிட்ட எடை அளவுக்கு. கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது.

இந்த வரிசையைப் பின்பற்றும் பட்டறைக்காரர் சற்று நேரம் எடுத்துக்கொள்வார். கூலியும் சற்றுக் கூடுதலாகக் கேட்கலாம். அவருக்குக் கொடுக்கும் பணம் செலவு அல்ல. மாதம் ஒருமுறை கேஸ் அடித்துச் செலவாகும் பணத்தோடு ஒப்பிட்டால் அது சேமிப்பு.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை ஏர்கோன் ஓட மறுத்தால் "கேஸ் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "கேஸ் எங்கே போனது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் பணப்பையைக் காக்கும், கம்ப்ரசரைக் காக்கும். 1930-இல் அந்த அவை கேட்கத் தவறியதும் இதே கேள்விதான்.